நம்ம ஆளுங்க

பாட்டிலைக் கையில் எடுத்ததும் தெமியானா முதலில் பார்ப்பது அதன் அடியைத்தான். அடியின் நடுவில் சின்னதாக ஒரு குமிழ் இருந்தால் அது தொப்புள் உள்ளது, வலப்பக்கச் சாக்கு. குமிழுக்குப் பதில் நீளமாக ஒரு கோடு இருந்தால் இடப்பக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கண்ணாடி நிறம்தான். ஆனால் கோடு போட்டது ஒன்று தப்பித்தவறித் தொப்புள் சாக்கில் விழுந்துவிட்டால், அரவை மெஷினில் அது கருகி மொத்தத்தையும் கெடுக்கும். மெஷின்காரன் சாக்கை அப்படியே தெருவில் கொட்டிவிட்டுப் போவான்.

முகத்தம் மலையடியில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க, கணவன் அயாத் நகரத்து மாடிக் கட்டடத்திலிருந்து தினமும் அள்ளி வரும் குப்பைதான். மேலே இரண்டு அறைகளில் குடியிருப்பு. தெமியானாவும் ஓரகத்தி சபாஹும் குவியலின் இரண்டு பக்கமும் காலை மடக்கி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாதம், கன்னி மரியாள் நோன்பு நடந்துகொண்டிருந்தது. காலையில் சாப்பிட்ட மொச்சை வயிற்றில் எந்த மூலையில் இருக்கிறதென்று தெரியவில்லை.

"மூணாம் மாடிக்காரரு திரும்பவும் சிகரெட் ஆரம்பிச்சிட்டாரு," என்றாள் சபாஹ், ஒரு காலிப் பெட்டியை உதறி. "பொண்டாட்டிக்குத் தெரியாம பால் டப்பாக்குள்ள திணிச்சிருக்காரு பாரு."

"அவளுக்குத் தெரியலன்னாலும் நமக்குத் தெரியுதே."

"பாதிரியாருக்குக் கூட இவ்வளவு தெரியாதுக்கா."

தெமியானா சிரித்துக்கொண்டே குவியலுக்குள் கையை விட்டாள். விரல்களை விரித்து, மெதுவாக, இருட்டில் படி இறங்குகிறவளைப் போல. ஊசி இருக்கும். ஏழாம் மாடிப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி; தினம் இரண்டு ஊசி. அயாதின் அக்கா ஃபவ்சியா இதே குவியலின் மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். ஊசி குத்தி, ஈரல் கெட்டு, நோன்புக்கு முன்னால்தான் போனாள். அந்த இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மகள் மரீனா உட்கார வேண்டியிருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மரீனாவுக்குப் பதினைந்து வயது. நர்சிங் பள்ளிக்கு மனு வாங்கி வைத்திருந்தாள்.

தெருமுனையில் பிக்கப்பின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. வழக்கமாக அயாத் ஹாரன் அடிப்பதில்லை. இறங்கி, கூடையைக்கூட இறக்காமல், வாசலில் வந்து நின்றான்.

"உம்மு மரீனா, உன்னக் கூப்பிடுறாங்க." மகள் பெயரைச் சொல்லி, மரீனாவின் அம்மா என்றுதான் அவளை அவன் கூப்பிடுவான்.

"யாரு?"

"நம்ம கட்டடம்."

"கட்டடத்துக்கு எப்ப வாய் முளைச்சுது?"

"அஞ்சாம் மாடி லுப்னா மதாம் கூட்டம் போட்டிருக்காங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வீட்லயே பிரிச்சி வெக்கப் போறாங்களாம். ஈரம் கறுப்புப் பை, காஞ்சது வெள்ளைப் பை. எப்படிப் பிரிக்கிறதுன்னு சொல்லிக் குடுக்க ஆள் வேணுமாம். என் பொண்டாட்டி இருக்கான்னு சொன்னேன். உடனே கூட்டிட்டு வான்னுட்டாங்க."

சபாஹ் கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "ரெண்டு பையா? ஒரு பைய முடிச்சிப் போடவே கை வலிக்குதும்பாங்களே."

"சத்தியமா. பதினாறு வீடும் கையெழுத்துப் போட்டிருக்கு."

தெமியானா எழுந்து நின்றாள். பாவாடையிலிருந்து வெங்காயத் தோல்கள் உதிர்ந்தன. ஈரமும் காய்ந்ததும் தனித்தனியாக வந்தால் காகிதம் நனையாது, அட்டை அழுகாது. காய்ச்சல் பயத்தில் அரசாங்கம் அவர்களுடைய பன்றிகளைக் கொன்ற வருஷத்துக்குப் பிறகு, அவை தின்றுவந்த ஈரக் குப்பையை எங்கோ கொண்டுபோய்க் கொட்டத்தான் வேண்டியிருந்தது. குடும்பம் சாப்பிட்டதெல்லாம் காய்ந்ததை விற்ற காசில்தான். அது தனியாக, சுத்தமாக வந்தால் மூன்று பேர் வேலையை இரண்டு பேர் முடிக்கலாம். மூன்றாவது ஆள் வேண்டாம்.

"மரீனா," என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அந்த மனுவ எங்க வெச்ச? நாளைக்கே கொண்டுபோய்க் குடு."

*

ஆற்றுக்கு அக்கரையில், தொக்கியில், அந்தக் கட்டடம் எட்டு மாடி. அயாதின் அப்பா ஏறிய கட்டடம். பின்பக்கம் ஒரு இரும்புச் சுழல்படி ஒவ்வொரு சமையலறைக் கதவுக்கும் போய் நிற்கும். காலிக் கூடையோடு உச்சிக்கு ஏறி, நிரப்பிக்கொண்டே இறங்குவது வழக்கம். அந்த ஆகஸ்டில் அயாதின் முழங்கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

தெமியானா அந்தக் கட்டடத்தின் குப்பையை இருபத்திரண்டு வருஷமாகத் தொட்டிருக்கிறாள். லிஃப்டில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. காவல்காரர் இத்ரீஸ் கதவைத் திறந்துவிட்டு, அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் பார்த்தார்.

"என்ன, பொண்ணு பாக்க வந்தியா?"

"பாடம் நடத்த வந்திருக்கேன் சித்தப்பா. நீங்களும் வந்து உக்காருங்க, முன் வரிசையில."

மொட்டை மாடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், சில பிள்ளைகள், தொப்பி வைத்த ஒரு பெரியவர். ஏழாம் மாடி, என்று தெமியானா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். லுப்னா மதாம் கேக் வெட்டி நீட்டினாள்.

"முட்டை இல்ல, பால் இல்ல. உங்க நோன்புன்னு தெரியும், அதுக்குன்னே செஞ்சேன்."

தெமியானா கேக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சாக்கைக் கவிழ்த்தாள்.

ஒரு பாட்டிலைத் தூக்கி, "இதுக்குத் தொப்புள் இருக்கு பாருங்க," என்றதும் பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்தன; பெரியவர்களும் சிரித்தார்கள்.

"சிரிங்க. ஆனா தொப்புள் இல்லாதவன உள்ள விட்டா, குடும்பத்தையே கெடுத்துருவான். வினிகர் பாட்டில், சில ஷாம்பூ பாட்டில். திருப்பிப் பாருங்க. கோடு இருக்கா? அத மடிச்சா மடிச்ச இடம் வெளுத்துப் போகும். இவன் தனி."

"மூடி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மூடி வேற சாதி. கழட்டிடுங்க. மூடியோட நசுக்கினா காத்து உள்ள நின்னு பாட்டில் நசுங்காது. பால் பெட்டிய அலசிட்டுப் போடுங்க, இல்லன்னா எறும்பு. ஊசிய மட்டும்..." அவள் தொப்பிக்காரரைப் பார்க்காமல் சொன்னாள், "ஒரு கெட்டி டப்பாவுல போட்டு மூடி, மேல சிவப்பா ஒரு துணி கட்டிருங்க. புண்ணியமாப் போகும்."

பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இத்தன நாள் யாரும் சொல்லலியேம்மா," என்றார்.

இரண்டு மணி நேரம் பேசினாள். வழவழப்பான சினிமாப் புத்தகத் தாளுக்கும் செய்தித் தாளுக்கும் வித்தியாசம், கிழித்தால் எப்படிச் சத்தம் வரும், அலுமினியத்தையும் தகரத்தையும் காந்தம் இல்லாமல் எப்படி அறிவது, எந்தப் பையை அரவைக்காரன் வேண்டாமென்பான். யாரோ எழுதிக்கொண்டார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். லுப்னா மதாம் அவளை "உஸ்தாஸா" என்று கூப்பிட்டாள். ஆசிரியை. தெமியானா திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரும் இல்லை.

கிளம்பும்போதுதான் கேட்டாள். "வெள்ளைப் பைய எத்தன மணிக்கு எடுக்கணும் மதாம்?"

"அதப் பத்தி நீ கவலையே படாத. ஒம்பது மணிக்கு நம்ம ஆளுங்க வந்து எடுத்துக்குவாங்க."

அன்று பிக்கப்பில் பாலத்தைத் தாண்டும்போது தெமியானா அதை மூன்று முறை சொன்னாள். "நம்ம ஆளுங்கன்னாங்க. காதாலக் கேட்டேன்."

"பின்ன? எங்கப்பன் காலத்துலேர்ந்து ஏறுறோம். நாம அவங்க ஆளு, அது நம்ம கட்டடம்." மலையடியில் அப்படித்தான் பேசுவார்கள்: நம்ம கட்டடம், நம்ம வீடுகள், நம்ம ஆளுங்க. கட்டடத்தை, அதாவது அதன் குப்பையை அள்ளும் உரிமையை, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தவர்கள் உண்டு.

"ஆனா ஒம்பது மணிங்கிறாங்க. நாம ஆறு மணிக்கே போறோமே."

"மாடில இருக்கிறவங்களுக்கு ஆறும் ஒண்ணு, ஒம்பதும் ஒண்ணு. தூக்கத்துல தானே இருக்காங்க," என்று அயாத் சிரித்தான். "நாம நம்ம நேரத்துக்குப் போவோம்."

*

மாதம் பிறப்பதற்குள் கீழ்த்தளம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. அயாத் ஒரு பழைய கதவைக் குறுக்கே போட்டு இடுப்புயரத்துக்கு மேஜை அடித்தான். இனி நின்றுகொண்டே பிரிக்கலாம், முதுகு தப்பிக்கும். மூன்று சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெருவில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அயாத், ஆஸ்பத்திரி தொறக்கிறியா?"

"ஆமா. நர்சு எங்க வீட்லதான்."

மரீனா மனுவைக் கொடுத்துவிட்டாள். பள்ளியில் பெயர் எழுதிக்கொண்டார்கள். அவள் வீட்டில் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிப் பழகினாள், ஒரு நிமிஷம் முழுவதும், உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே. சபாஹ் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவளும் அப்படியே கழுவத் தொடங்கினாள்.

முதல் நாள் தெமியானாவும் கூடப் போனாள். அவளை வீட்டில் நிறுத்த முடியவில்லை. ஆறரை மணிக்கு எட்டாம் மாடிப் படித்திருப்பில் மூச்சிரைக்க நின்றபோது, இரண்டு கதவுக்கு முன்னாலும் இரண்டிரண்டு பைகள் இருந்தன. கறுப்பு, வெள்ளை. கறுப்பு, வெள்ளை. வெள்ளைப் பை மெல்லிசு. உள்ளே இருப்பது தெரிந்தது. நசுக்கிய பாட்டில்கள், கழற்றிய மூடிகள், தட்டையாக மடித்த அட்டைகள், அலசிய பால் பெட்டிகள்.

"பாரேன்," என்றாள். "அலசியிருக்காங்க. பாரேன்."

அயாத் வெள்ளைப் பையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். "ஒரு வாடையும் இல்ல. இது குப்பைதானா?"

இரண்டு பேரும் கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர்களைப் போல இறங்கினார்கள். ஏழாம் மாடியில் கெட்டி டப்பா ஒன்று, சிவப்புத் துணி கட்டி, தனியே இருந்தது. தெமியானா அதைத் தொட்டுப் பார்த்து, சிலுவைக்குறி போட்டாள். ஆறாம் மாடி. கூடைக்குள் கறுப்பு அடியில், வெள்ளை மேலே, ஆறு வெள்ளைப் பைகள் அயாதின் தலைக்கு மேல் உயர்ந்து நின்றன. கனமே இல்லாத உயரம்.

ஐந்தாம் மாடியில் சமையலறைக் கதவு திறந்தது. லுப்னா மதாம் இரவு உடையில், கையில் காப்பிக் கோப்பையோடு.

"உஸ்தாஸா, நீயே வந்துட்டியா. பாத்தியா? ஒருத்தர் விடல, எல்லாரும் வெச்சிருக்காங்க." பிறகு கூடையைப் பார்த்தாள். "ஐயோ, அயாத், வெள்ளைப் பைய எடுக்கக் கூடாது. இத்ரீஸ் சொல்லலியா?"

"என்ன சொல்லணும் மதாம்?"

"அதுக்கு ஒம்பது மணிக்கு வேன் வரும். என் அக்கா பையன் ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருக்கான், போன்ல ஆப் இருக்கு. பை எடை பாத்து வீட்டுக்கு வீடு பாயின்ட் போடுவாங்க. உன் பாடத்தத்தான் அதுல படமாப் போட்டிருக்கான். நம்ம ஆளுங்க வருவாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே."

கீழே எங்கோ ஒரு பால்காரன் சைக்கிள் மணியை அடித்தான்.

"ஈரம் மட்டும் நீங்க எடுத்தாப் போதும்," என்றாள் மதாம், குரல் இளகி. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். "நெனச்சுப் பாரு, இனிமே சுமை பாதிதானே. அயாத் முழங்காலுக்கும் நல்லது."

அயாத் கூடையை இறக்கினான். வெள்ளைப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். "எந்தக் கதவு எதுன்னு..." என்று மதாம் கவலையோடு ஆரம்பித்தாள். "பாயின்ட் மாறிடக் கூடாதே."

தெமியானா பைகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பூனைத் தீனி டப்பா: எட்டு, இடப்பக்கம். பிரெஞ்சுப் பத்திரிகை: எட்டு, வலப்பக்கம். சர்க்கரை போடாத பிஸ்கட் அட்டை: ஏழு. ஆறு பைகளையும் கைக்கு மூன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு மேலே ஏறினாள். ஒரு பையில் நசுங்கிய பாட்டில்களுக்கு நடுவே வினிகர் பாட்டில் ஒன்று, அடியில் கோடு. யோசிக்கும் முன் கை முடிச்சை அவிழ்த்துவிட்டது. அதை எடுத்துக் கறுப்புப் பை கிடந்த இடத்தில் வைத்துவிட்டு, முடிச்சைப் பழையபடி போட்டாள்.

திரும்பி இறங்கி வந்தபோது அயாத் ஐந்தாம் மாடியின் கறுப்புப் பைகளைக் கூடையில் போட்டு முடித்திருந்தான். மதாம் உள்ளே போயிருந்தாள்.

"இன்னும் ரெண்டு கட்டடம் பிடிக்கணும்," என்றான் அயாத், அவளைப் பார்க்காமல். "கலந்து வர்ற கட்டடமா. அப்ப பிரிக்க மூணு பேர் வேணும். மரீனாகிட்ட நீ சொல்றியா?"

"சொல்றேன்."

அவன் குந்தி, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி எழப் பார்த்தான். எழ முடியவில்லை. காகிதமும் அட்டையும் பாட்டிலும் போய், தர்ப்பூசணித் தோலும் சோறும் காப்பித் தூளும் மட்டும் மிஞ்சிய கூடை, விளிம்புக்கு ஒரு முழம் குறைவாகத்தான் நிறைந்திருந்தது, ஆனால் கனமெல்லாம் அந்த ஈரத்தில்தான். தெமியானா அடியில் தோள் கொடுத்தாள். இரண்டாம் முறை எழுந்தான்.

நான்காம் மாடிப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்து, "பரவாயில்லியே, கூடை பாதிகூட நெறையல," என்றாள்.

நான்காம் மாடி, மூன்றாம் மாடி. கறுப்புப் பைகளை மட்டும் அவள் எடுத்துப் போட்டாள். கூடையின் பின்னலிலிருந்து பழுப்பு நீர் படிக்குப் படி சொட்டிக்கொண்டு வந்தது. படித்திருப்புகள் குறுகலானவை. ஒவ்வொன்றிலும் சுவரோரம் வெள்ளைப் பைகள் சுத்தமாக உட்கார்ந்திருந்தன. அயாத் ஒவ்வொரு திருப்பிலும் நின்று, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகு துருப்பிடித்த கம்பியில் உரச, ஒரு சொட்டும் அவற்றின்மேல் விழாதபடி இறங்கினான்.