சம்பூர்ணத்தின் வெள்ளைக் கிளி

பிள்ளையார்பாளையத்தில் கிளி வளர்த்து விற்ற தர்மன் வீட்டில் குஞ்சுகள் தாய் தகப்பன் நிறத்தில் பொரிவதில்லை. முட்டைகள் அடையில் இருக்கும்போது அவன் பெண்சாதி சம்பூர்ணம் என்ன பேசுகிறாளோ, அதற்கேற்ற நிறத்தில் பொரியும். கிணற்றடியில் பக்கத்து வீட்டு வடிவாம்பாளோடு சண்டை போட்ட வருஷம் அத்தனையும் அரக்குச் சிவப்பு. ஊர்வம்பு பேசினால் மஞ்சள். கருடசேவைக்குக் கட்டிக்கொண்டு போக நல்ல சேலை இல்லையே என்று முனகிய மாசம், இறக்கை ஓரத்தில் ஜரிகைக் கரையோடு ஒன்று வந்தது. பட்டுக்காரர்கள் வந்து தடவிப் பார்த்து, அசல் ஜரிகைதான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். தூரமும் கணக்கில்லை. ஐயம்பேட்டைச் சந்தையில் அவள் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசியது, வீட்டு முட்டையில் ஊதாவாக இறங்கியது.

இதில் தர்மனுக்கு வியாபாரம், சம்பூர்ணத்துக்கு அலுப்பு. "நீலம் கேக்கறாங்கம்மே, கொஞ்சம் தாலாட்டு பாடு" என்பான். தொட்டில் கட்டாத வீட்டில் அவள் முட்டைப் பானையைப் பார்த்துத் தாலாட்டுவாள். வாய்க்கு வந்ததைப் பேசாமல் கிளிக்கு வேண்டியதைப் பேசியே வருஷங்கள் போனதில், தறியில் உட்கார்ந்தவள் தோள் வலிப்பதுபோல் அவளுக்குத் தாடை வலித்தது.

1921 தை மாசம் வடக்கே ஒரு ஜமீன்தார், மகள் கல்யாணத்துக்குப் பேசும் வெள்ளைக் கிளி வேண்டுமென்று முன்பணம் அனுப்பினார். தர்மன் அதில் கூரையை மாற்றிவிட்டான். வெள்ளைக்கு ஒரே வழி, குஞ்சு பொரியும்வரை அவள் வாயே திறக்கக் கூடாது. அப்பாடா என்று நினைத்தாள் சம்பூர்ணம், சொல்லவில்லை.

பாதி அடையில் கூரத்திலிருந்து அவள் தம்பி ஆதிகேசவன் வந்து, அம்மா போய்விட்டாள் என்றான். வண்டியில் தர்மன் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். "இன்னும் கொஞ்ச நாளும்மே. வாய மூடிக்கினு இரு. அப்பறமா அழுவலாம்." கூரத்தில் அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "பெத்தவ பொணமா கெடக்கறா, ஒரு வாய் அழுவறாளா பாரு. நெஞ்சா அது, அம்மிக்கல்லா?" என்று பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். கிளம்பும்போது ஆதிகேசவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரே முட்டை பொரிந்தது. குஞ்சுக்கு இறகு முளைத்தபோது சுண்ணாம்பு வெள்ளை. "இப்ப அழுவும்மே" என்றான் தர்மன். சம்பூர்ணம் வாயைத் திறந்து பார்த்தாள். அழுகை வரவில்லை, எங்கே போயிற்றென்றும் தெரியவில்லை. "உப்பு தீந்து போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஆவணியில் ஜமீனுக்குப் போன கிளி, கல்யாணம் முடிந்த கையோடு திரும்பி வந்தது. கொண்டுவந்த ஆள் கூண்டை எட்ட வைத்தான். "தாலி கட்ற நேரத்துல, 'என்னப் பெத்த தாயே'ன்னு ஆரம்பிச்சிச்சுபா. பொண்ணு அழுவுது, மாப்ள அழுவறான், நாயனக்காரன் ஊத முடியாம அழுவறான்."

"பேசற கிளிதானே கேட்டீங்க?" என்றான் தர்மன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வந்தவனுக்குத் தெம்பில்லை, அவனும் அழுதிருந்தான்.

குரல் சம்பூர்ணத்தினுடையது. அவள் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அம்மா பேன் பார்த்த விரல், கூரத்துக் கிணறு, ஒளித்துவைத்துக் கொடுத்த வெல்லம் எல்லாம் அதில் இருந்தன. தர்மன் அன்று தானே உலை வைத்தான். மறுநாள் அவள் கூண்டோடு கூரம் போனாள். ஆதிகேசவன் வாசலில் நின்றபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "உள்ள வாக்கா, சாப்ட்டுட்டுப் போ" என்றான்.

அதன்பிறகு அவளை இன்னதைப் பேசு என்று யாரும் சொல்லவில்லை. குஞ்சுகளும் வந்த நிறத்தில் வந்தன. சாவு விழுந்தும் அழுகை வராத வீட்டுக்காரர்கள் வெள்ளைக் கிளியை இரவல் வாங்கிப் போவது ஊரில் வழக்கமாயிற்று. வாடகை ஒரு கைப்பிடி தினை.

1936-இல் தர்மன் இறந்தபோது கிளி ஏனாத்தூரில் ஒரு சாவு வீட்டில் இருந்தது. வடிவாம்பாள் ஆள் அனுப்பி அவசரமாக வரவழைத்தாள். அது வருவதற்குள் சம்பூர்ணம், திட்ட வேண்டியதைத் திட்டி, கொஞ்ச வேண்டியதைக் கொஞ்சி, தெருக்கோடிவரை கேட்கத் தன் வாயாலேயே அழுதுகொண்டிருந்தாள். கிளி கொஞ்ச நேரம் பார்த்தது. வேலையில்லை என்று தெரிந்ததும், அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது.