மஞ்சள் குதிரை, பிரேசில் வழியாக

சங்கையா குதிரை வைத்திருக்கிறார் என்று சொன்னால், திருச்சுழிப் பக்கத்தில் வண்டிக்கா, சவாரிக்கா என்றுதான் கேட்பார்கள். இரண்டுக்கும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் குட்டிக் குதிரை. ரோஸ் உடம்பு, நீளப் பிடரி, தொடையில் ஒரு பூப்படம். பெண் பிள்ளைகள் தலைசீவி விளையாடுவதற்கென்று முப்பது நாற்பது வருசத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் கம்பெனி செய்தது. கிடா மீசை வைத்த அந்த மனுசன் காலையில் மிளகாய்க் காட்டுக்குப் போய் வந்து, மத்தியானம் சாப்பிட்டதும் துண்டை விரித்து அதுகளை வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்படியைப் பார்ப்பார். சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். அவருக்கு வரவில்லை. அழுகையும் வரவில்லை. மூன்று வருசமாக அவருக்கு எதுவுமே வருவதில்லை.

குதிரைகள் அவர் சேர்த்ததில்லை. மகள் சத்யபிரியா சேர்த்தது. அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்தபோது பழைய இரும்புக்கடை வாசலில், ஓட்டை வாளிக்குள் ஒரு மஞ்சள் குதிரை கிடந்தது. கேட்டு வாங்கி வந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்புறம் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தால், அதே குதிரை, அதே அச்சு, உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால் நாட்டுக்கு நாடு வேற வேற சட்டை. ஒரு நாட்டில் ரோஸ் உடம்புக்கு வெள்ளை முடி, இன்னொரு நாட்டில் நீல உடம்புக்கு ரோஸ் முடி. மஞ்சள் உடம்பும் ஊதா முடியும் இந்தியாவில் மட்டும் வந்ததாம். குளம்படியில் நாட்டுப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். இந்த வித்தியாசங்களைப் பிடித்துப் பிடித்துச் சேர்ப்பதற்கென்றே நாலா தேசத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்தில் இவளும் ஒருத்தி ஆனாள். இணையத்தில் ஒரு கணக்குத் திறந்து, தெரியாத ஊர்க்காரிகளோடு எழுத்திலேயே பேசி, குதிரை கொடுத்துக் குதிரை வாங்கினாள்.

அதெல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்புறம் மதுரையில் வேலைக்குப் போன இடத்தில் மாரிச்செல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவன், இதே ஊர்க்காரன். ஆனால் அவன் தாத்தா சங்கையா வீட்டுக் காட்டில் களையெடுத்தவர். இதற்குமேல் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகள் கூடினார்கள், "முழுகிருவோம்" என்றார்கள். செத்தவர்களுக்கு முழுகுகிற மாதிரி உயிரோடிருக்கிற பிள்ளைக்கு முழுகிவிட்டால் அதோடு உறவு அற்றது, பேச்சு அற்றது, பேரைச் சொல்வதும் அற்றது. பம்புசெட்டுத் தொட்டியில் எல்லாரும் முழுகினார்கள். சங்கையாவும் முழுகினார். தம்பி வீரபாண்டி ஒரு படி மேலே போய் டவுனில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடித்துக்கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் கட்டினான். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோவுக்குக் கீழே மறைவுத் தேதி போட்டிருந்தான், படுபாவி.

அன்றைக்கு மரத்தவர்தான் சங்கையா. உழுதார், விதைத்தார், கல்யாணவீட்டுக்குப் போய் மொய் எழுதினார். சோற்றில் உப்பில்லை என்றாலும் தெரியாது. மகளுடைய துணிமணியெல்லாம் பெண்டாட்டி முத்துத்தாய் எரித்தாள். குதிரைப் பெட்டியையும் பழைய தொடுதிரை டேப்பையும் மட்டும் விதைச் சாக்குக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒருநாள் உளுந்து எடுக்கப் போனவர் பெட்டியைத் திறந்துவிட்டார். டேப்பைச் சார்ஜில் போட்டால் மகளின் கணக்கு அப்படியே திறந்து கிடக்கிறது. லூசியா என்று பிரேசில்காரி ஒருத்தி ஓயாமல் எழுதியிருக்கிறாள். பொத்தானை அமுக்கினால் எல்லாம் தமிழாகிவிடும். என்ன தமிழ் அது! "வணக்கம் அன்பே, உங்கள் மஞ்சள் குதிரையின் முடி உண்மையானதா?" முன்னே பின்னே தெரியாத பொம்பளை அன்பே என்கிறாளே என்று அவருக்குக் கூச்சமாகிப் போனது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை அல்லவா? குதிரையைத் தூக்கி, குளம்பைப் பார்த்து, "முடி அசல். இது கிரீஸ் நாட்டுக் குதிரை" என்று ஒற்றை விரலால் அடித்து அனுப்பினார்.

மறுநாள் பார்த்தால் அவர் எழுதாத ஒன்று அவர் எழுதியதற்குக் கீழே இருந்தது. அதே கணக்கிலிருந்து லூசியாவுக்குப் போயிருந்தது. பொத்தானை அமுக்கினார்.

"மன்னிக்கவும் லூசியா. அது இந்தியக் குதிரை. என் தந்தை கண்ணாடி அணியாமல் பார்த்திருப்பார்."

சங்கையா டேப்பைக் கவிழ்த்து வைத்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டினார். திரும்பி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளம்பைப் பார்த்தார். இந்தியா என்றுதான் இருந்தது. கணக்கு ஒன்றுதான், ஆனால் மதுரையில் அவள் போனிலும் அது திறந்திருக்கிறது. அவர் எழுதுவதையெல்லாம் அவள் பார்க்கிறாள்.

அவளிடம் பேசக்கூடாது. முழுகியாயிற்று. ஆனால் எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று தெரியுமல்லவா? மாமியா ஆட்டைப் பார்த்துச் சொல்லுவாள், மருமக கோழியை விரட்டிக்கொண்டே பதில் சொல்லுவாள். ஜாடைப் பேச்சு. முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை இருக்காது, விசயம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். சங்கையாவுக்கு ஆடும் கோழியுமாக அந்தப் பிரேசில்காரி வாய்த்தாள்.

"இந்த வருசம் மிளகாய் சுமார்தான், லூசியா" என்று எழுதுவார். கொஞ்ச நேரத்தில் அதே கணக்கிலிருந்து லூசியாவுக்கு இன்னொன்று போகும்: "என் தந்தைக்கு இரத்த அழுத்தம் உண்டு. வெயிலில் நிற்கக் கூடாது." அந்தப் பொம்பளை பாவம், நடுவில் கிடந்து முழித்தாள். "உங்கள் மழைக்கு நான் பிரார்த்திக்கிறேன். ஆனால் நீல வால் பற்றி?" என்று கேட்டாள். நீல வாலைப் பற்றி அவர் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். அதற்காகவே எல்லாக் குதிரையையும் உட்கார்ந்து படித்தார். இத்தாலிக் குதிரைக்குக் கண்ணில் மூன்று இமைமுடி, இந்தியக் குதிரைக்கு இரண்டு. தப்பாகச் சொன்னால் மகள் திருத்துவாள். சில நேரம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்.

அதிலும் அவருக்குப் பெரிய சந்தோசம் வந்துவிடவில்லை. வலியும் இல்லை. படித்தார், பதில் சொன்னார், துண்டை உதறி மடித்தார், அவ்வளவுதான். மகள் ஒருநாள், "இப்போது குனிந்து படம் எடுக்க முடியவில்லை லூசியா, ஏழாம் மாதம்" என்று எழுதியிருந்ததைப் படித்தபோதுகூட நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. "மாசமா இருக்கவுக கனமான பெட்டி தூக்கக்கூடாது" என்று லூசியாவுக்கு எழுதினார். லூசியாவுக்கு வயது அறுபத்தேழு. "நான் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள்.

அப்புறம், இரண்டு மாசம் கழித்து, அந்தப் புதன்கிழமை மத்தியானம். மருந்தடிக்கிற டேங்க் இரவல் கேட்டு வீரபாண்டி வந்திருந்தான். குதிரைகள் துண்டில் நின்றன. அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்வதை அவன் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டான். கட்டிலில் கிடந்த டேப் கிணுங்கியது. வீரபாண்டிதான் எடுத்தான். லூசியா எழுதியிருந்தாள்.

"பிறக்கப் போகும் ஒரு குழந்தைக்காகக் கேட்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மருத்துவமனை. மஞ்சள் குதிரையைக் கொடுப்பீர்களா?"

அவன் பொத்தானை அமுக்கிச் சத்தமாக வாசித்தான். வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, பிரேசிலுக்குச் சீர் செய்யச் சொல்றாளா? இந்தக் கழுதைய ரோட்டுல போட்டாக்கூட ஒருத்தன் எடுக்க மாட்டான்."

சங்கையா மஞ்சள் குதிரையைக் கையில் எடுத்தார். தலைப் பிள்ளைக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகவேண்டியதைத்தான் மகள் லூசியா வாயால் கேட்கிறாள். வளைகாப்பு கேட்கவில்லை, தொட்டில் கேட்கவில்லை. இரும்புக்கடையில் பொறுக்கிய ஒரு குதிரையைக் கேட்கிறாள். கொடுப்பீர்களா என்றால் வருவீர்களா என்று அர்த்தம். அது அவருக்கு விளங்கியது.

"இல்லன்னு போட்டுறவா? நீ அடிச்சா நாளு பூரா தடவிக்கிட்டு இருப்ப." சொன்ன வாயோடு வீரபாண்டியின் பெருவிரல் ஓடியது. "தர முடியாது. இனிமே கேக்காதீங்க." அனுப்பியே விட்டான்.

சங்கையா டேப்பைப் பிடுங்கப் போனார். அதற்குள் பதில் வந்துவிட்டது. லூசியாவிடமிருந்து இல்லை, அதே கணக்கிலிருந்து. சுற்றிவளைக்காமல், பொத்தானை அமுக்க வேண்டியதில்லாமல், நேரே தமிழில் ஒரே வார்த்தை.

"சரிப்பா."

வீரபாண்டி புருவத்தைத் தூக்கினான். "இதென்னண்ணே, பிரேசில்காரி ஒன்னைய அப்பாங்கிறா?"

ஆமாடா, அந்த மிசினு அப்படித்தான் ஏறுக்குமாறா மாத்தும் என்று சொல்லியிருந்தால் போதும். தம்பி இன்னொரு தடவை சிரித்துவிட்டு டேங்கைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். மத்தியானம் எப்போதும்போல முடிந்திருக்கும். மகளும் அதோடு முடிந்திருப்பாள். இரண்டாம் தடவை முழுகின மாதிரி, இந்தத் தடவை அவளே பார்த்துக்கொண்டிருக்க.

மரத்த காலுக்கு ரத்தம் திரும்பும்போது ஒரு குத்தல் குத்துமே, அது சங்கையாவுக்கு நெஞ்சில் குத்தியது. தாங்க முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மகடா," என்றார். "சத்யா."

அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டு மூன்று வருசமாகியிருந்தது. வீரபாண்டி டேப்பைச் சுட்ட மாதிரி கீழே வைத்தான்.

"அவ செத்துட்டாண்ணே."

"சாகலடா. சொன்னது நாம."

"பங்காளிக வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"வரட்டும். உக்காரவச்சுச் சொல்றேன்."

"அவன் வீட்டு வாசல்ல போயி நிக்கப் போறியா நீயி? நம்ம காட்டுல…"

"களையெடுத்தாக. சோறு தின்னோம்ல அத? இப்ப என்னங்கிற?"

அண்ணன் குரல் உயர்ந்து வீரபாண்டி பார்த்ததில்லை. குரலோடு கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது, அதை அவர் துடைக்கக்கூட இல்லை. முத்துத்தாய் அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கொழுந்தன் இருக்கிற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"எந்த ஆசுபத்திரின்னு கேளுங்க," என்றாள்.

சங்கையா டேப்பை மடியில் வைத்துக்கொண்டார். லூசியாவின் பெயர் எழுதாமல், ஆட்டுக்கும் கோழிக்கும் சொல்லாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"எந்த ஆசுபத்திரி, தாயி?"