வாசல் குறுகல்

என் தையல் கடைக்கும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தக் கடையில் நான் பார்க்க நாலு போர்டு ஏறி இறங்கிவிட்டது. நாலு முதலாளிகளும் திறந்த அன்று எனக்கு இனிப்பு கொடுத்தார்கள், மூடிய அன்று நாற்காலி வேண்டுமா என்று விலை பேசினார்கள். அவர்கள் போனார்கள், சமையல் மாஸ்டர் மட்டும் போகவில்லை. "ஆளு தங்கமானவரு, விட்டுடாதீங்க" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் அடுப்போடு சேர்த்து அவரையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அந்த மாஸ்டர் என் வீட்டுக்காரர்.

ஷட்டர் இறங்கும்போதெல்லாம் தெருவே கூடி, "இடம் ராசியில்லப்பா" என்று சொல்லும். அவரும் "ஆமா, இடம் சரியில்ல" என்பார். நானும் தலையை ஆட்டுவேன். வேறென்ன செய்ய? அவர் சமையலை வாயில் வைக்க முடியாது என்று தெருவில் நின்று நானா சொல்வேன்? நல்ல மனுஷர், என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அவர் வைக்கிற கறி ஒரு நாள் உப்புக் கரிக்கும், மறுநாள் உப்பே இருக்காது. மத்தியானம் அவருக்குச் சாப்பாடு நான்தான் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோவேன். பின்பக்கம் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து வழித்துத் தின்பார்.

ஐந்தாவதாக அந்தக் கடையை எடுக்க வந்தவன் என் கூடப்பிறந்த தம்பி. வேலை போனபோது கம்பெனி கொடுத்த பணம் மொத்தமும் அவன் கையில் இருந்தது. என் தையல் மிஷின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நாலு கடை மூடினதைப் பக்கத்துல இருந்து பார்த்தவ நீ. எங்க கோளாறு? உள்ளதைச் சொல்லு. சரிவராதுன்னா எடுக்கவே மாட்டேன்."

வாய்வரை வந்துவிட்டது. கூடவே ஒரு நினைப்பும் வந்தது. இவன் எடுக்காவிட்டால் கடை பூட்டியே கிடக்கும், இந்த வயதில் இவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

"வாசல் குறுகல்டா. உள்ள ஒரு கடை இருக்கறதே யாருக்கும் தெரியல" என்றேன்.

"அவ்வளவுதானா! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கடை நடத்தத் தெரியாதவங்க ராசியில்லன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. வாசல்தானே, இடிச்சுட்டாப் போச்சு!"

சிரித்துக்கொண்டே போனான். அதற்கப்புறம் எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை.

சொன்னபடி இடித்தான். கட்டட ஓனர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அனுமதி வாங்கி, ஆசையாக வைத்திருந்த பைக்கை விற்று, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டான். சுத்தியல் அடி விழும்போதெல்லாம் என் கடைச் சுவரும் அதிர்ந்தது. பாவி நான், அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் டீ போட்டுக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் அதை வாங்கி வேலையாட்களுக்குக் கொடுத்தார்.

திறந்த புதிதில் தெருவே வந்தது, அப்புறம் வரவில்லை. வாசல் அகலமானதில் ஒரே லாபம், காலி நாற்காலிகள் எதிர்த்த பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரிந்தன.

நேற்று மத்தியானம் நான் டப்பாவோடு நுழைந்தபோது ஒரே ஒரு கூரியர்க்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியிலேயே கையை எடுத்துவிட்டார். தம்பி ஓடிப்போய், "எப்படி சார் இருந்துச்சு?" என்றான்.

"நல்லா இருந்துச்சுங்க, பசிதான் இல்ல" என்று எழுந்தவர், மாஸ்டர் கிச்சனிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து என்னிடம் டப்பாவை வாங்குவதைப் பார்த்துவிட்டார்.

"ஓஹோ, மாஸ்டருக்கே வீட்டுச் சாப்பாடா?" சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தம்பி சிரிக்கவில்லை. தட்டில் மீந்ததிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றான். விழுங்கக் கஷ்டப்பட்டான்.

"அக்கா, இத்தனை நாளா கவலையில எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன். உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றால் புருஷன் மானம் போகும், தெரியாது என்றால் தம்பி முகத்துக்கு நேராக இன்னொரு பொய்.

பேசியது அவர்தான். "அவளைக் கேக்காதீங்க மாப்ள. என் சமையலை நானே தின்னறதில்ல. முதல் கடை மூடினப்பவே எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் மனசு நோகக் கூடாது என்று நான் இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்க, இவர் எல்லாம் தெரிந்தேதான் தினமும் டப்பாவுக்குக் கை நீட்டியிருக்கிறார்.

தம்பி எங்களை மாறி மாறிப் பார்த்தான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சுவரை இடிக்கும்போது ரெண்டு பேரும் டீ கொடுத்துட்டு நின்னீங்களே" என்றான் மெதுவாக.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் அவ்வளவு அகலம்.