பவளத்துக்கு டிரிப்ஸ்

சென்னகேசவன் மில்லின் சாயப் பிரிவில் லேப் கெமிஸ்டாக இருந்த அரங்கசாமிக்கு ஏழாம் வருஷம் பதவி உயர்வு வந்தது. நூலை விட்டுவிட்டுப் பவளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சம்பளம் அதேதான்.

முதலாளி சென்னகேசவன் தொண்ணூற்றைந்தில் மெஷின் வாங்க ஜெர்மனி போயிருந்தபோது, மெஷின் கம்பெனி இன்ஜினியர் டீட்டர் என்பவர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு வெறும் உருளைக்கிழங்கை வைத்தார் என்பதை முதலாளி இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆறடிக் கண்ணாடித் தொட்டிக்குள் உயிருள்ள பவளங்கள் இருந்தன. காலிஃப்ளவர் மாதிரி ஒன்று, சேவல் கொண்டை மாதிரி ஒன்று, மனித மூளை மாதிரி ஒன்று. இதை நம்மூரிலும் வைக்கலாமே என்று முதலாளி சொன்னதும் டீட்டர் சிரித்துவிட்டார். கோயமுத்தூரில் கடலே இல்லையே என்றார்.

"உங்கூர்ல மட்டும் எங்கீங்க இருக்குது?" என்று முதலாளி கேட்டார். டீட்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். இல்லைதான்.

அடுத்த வருஷம் டிசம்பரில் மெஷின் ஓட்டிக் காட்ட டீட்டர் வருவதாக ஏற்பாடு. வந்து பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நூல் ஏற்றிப்போன மில் லாரி, திரும்பும்போது டிரம் டிரம்மாகக் கடல் தண்ணீரும் வாளி வாளியாகப் பவளமும் ஏற்றி வந்தது. சிங்காநல்லூர் வீட்டு ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் தொட்டி உட்கார்ந்தது. டி.வி. சமையலறைக்குப் போனது.

"கண்ணு, அந்தாளு வாரப்ப இது உசுரோட இருக்கோணும். இல்லீன்னா நீ நம்ம தொண்டாமுத்தூர் தோட்டத்துக்குப் போயிரு" என்றார் முதலாளி.

'கண்ணு' என்று கூப்பிட்டுச் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. தோட்டத்துக்குப் போவது என்றால் என்ன என்று மில்லில் எல்லாருக்கும் தெரியும். ஸ்டோர் கீப்பராக இருந்த திருமூர்த்தி, ஏதோ ஒரு பேல் பஞ்சு மழையில் நனைந்த குற்றத்துக்காக இரண்டு வருஷம் முன்னால் அனுப்பப்பட்டவர். தென்னைக்கு வரும் யானைகளைத் தகர டின் தட்டி விரட்டுவது அவர் உத்தியோகம். ஒருமுறை கல்யாணத்துக்காக டவுனுக்கு வந்தவர், பஸ் ஹாரன் அடித்ததும் பக்கத்திலிருந்த வேப்பமரத்தில் பாதி ஏறிவிட்டார்.

எனவே அரங்கசாமி பவளத்தைப் படித்தான். முதலாளி எழுதிக் கேட்டதற்கு டீட்டர் அனுப்பிய காகிதத்தில் எல்லாம் இருந்தது. பவளம் என்பது செடியல்ல, பிராணி. சுண்ணாம்பைக் கொண்டு தனக்குத்தானே எலும்பு கட்டிக்கொள்ளும். தொட்டியில் வற்றும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் சிறுவாணித் தண்ணீரிலோ சுண்ணாம்பு பேருக்குக்கூட இல்லை. கோயமுத்தூர்க்காரன் பெருமையடித்துக்கொள்ளும் அந்த ருசிதான் பவளத்துக்குப் பட்டினி. ஆகவே தினம் காலையில் சுண்ணாம்புத் தெளிவு, சொட்டுச் சொட்டாக. வாரம் ஒருமுறை ஸ்ட்ரான்ஷியம். எப்போதாவது இரண்டு துளி அயோடின். அளவு மீறினால் செத்துவிடும் என்று கடைசி வரியில் அடிக்கோடு போட்டிருந்தது.

அந்தக் காகிதத்தோடு ஜெர்மனியிலிருந்து வந்த டப்பாவைத் திறந்து பார்த்தவன் முதலாளியிடம் போனான்.

"இது நம்ம வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்புதானுங்க."

"அது ஜெர்மன் சுண்ணாம்பு கண்ணு. வேற."

அரங்கசாமி ஒத்துக்கொண்டான்.

சொட்டுச் சொட்டாக விடுவதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் வினையானது. மில் டிஸ்பென்சரியிலிருந்து குளுக்கோஸ் ஏற்றும் டியூபையும் ஸ்டாண்டையும் எடுத்து வந்தான். பாட்டிலில் தெளிவை நிரப்பி, டியூபின் சின்னச் சக்கரத்தைத் திருகி, இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தான். லேபில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் அதே முறையில் தினமும் தொட்டித் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதினான். நாலே மாதத்தில் சேவல் கொண்டை ஒரு விரற்கடை வளர்ந்தது.

ஆனால் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பார்த்த பிறகு சொந்தபந்தங்களால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு வீட்டு ஹாலில் டிரிப்ஸ் ஏறுகிறது என்றால் வெறுங்கையோடு போவதா? ஒருவர் சாத்துக்குடி கொண்டுவந்தார். ஒருவர் பிரெட். ஒரு பெரியம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தொட்டியின் மேலேயே வைத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்குதுங்க, பரவால்லீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அரங்கசாமி சாத்துக்குடிகளை உரித்துத் தானே சாப்பிட்டான். அந்த வருஷம் அவனுக்குச் சளியே பிடிக்கவில்லை.

டீட்டர் வருவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, முதலாளியம்மாவின் தம்பி கோவிந்தராஜுலு கணபதி என்கிற ஊரிலிருந்து வந்தார். பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர். எந்தச் சக்கரத்தைக் கண்டாலும் திருகிப் பார்ப்பார். அரங்கசாமி காபி குடிக்கப் போயிருந்த ஐந்து நிமிஷத்தில் டிரிப்ஸ் சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டார்.

"என்னங்க செஞ்சுபோட்டீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான் அரங்கசாமி.

"சொட்டு சொட்டா உட்டா எப்பத் தேறுறது? எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நானேதான் திருகிக்கிட்டேன். நாலு நாள்ல ஊட்டுக்கு வந்துட்டனல்ல?"

தொட்டித் தண்ணீர் நீர்மோர் நிறத்துக்கு மாறியிருந்தது. அரங்கசாமி மில்லுக்கு ஓடி, சாயத்துக்கு வைத்திருந்த அசிட்டிக் அமிலத்தைக் கொண்டுவந்து, மணிக்கணக்கில் துளித்துளியாக விட்டுச் சோதித்தான். சாயங்காலம் தண்ணீர் தெளிந்தது. பவளங்கள் தெளியவில்லை. சதையை எலும்புக்குள் இழுத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் சண்டை போட்டவர்கள் மாதிரி எல்லாம் மூடிக்கொண்டு கிடந்தன.

வியாழன் காலை பத்தரைக்கும் அப்படியே. பதினொன்றுக்கு டீட்டர். அரங்கசாமி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, டின் தட்டுவதற்கு வலது கை நல்லதா இடது கை நல்லதா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

முதலாளியம்மா வெங்கடம்மாள் ஒரு பெரிய டம்ளரோடு வந்தார். அதிலிருந்து ஆவி பறந்தது.

"ஏப்பா, இதுக்கு முடியலையா?"

"இல்லீங்கம்மா. வாயே தொறக்கலீங்க."

"எப்படித் தொறக்கும்? ஏழு மாசமா வெறும் சுண்ணாம்பு. நோய்ல கெடக்கறவங்களுக்கு இப்படியா பண்ணுவீங்க? ஆட்டுக்கால் சூப்பு வெச்சேன். ஆற வெச்சு கொழுப்பு ஏடெல்லாம் எடுத்துப்போட்டு மறுக்காச் சுட வெச்சிருக்கறேன்."

"அய்யோ, வேண்டாங்கம்மா. அளவுக்கு மேல எதும் போட்டா..."

"மொளகு போடல. மஞ்சத்தூளு போடல. உப்பும் போடல கண்ணு, தண்ணியிலயே இருக்குதாமே." வெங்கடம்மாள் தாலிச் சரட்டில் கோத்திருந்த இரண்டு பவளங்களை வெளியே எடுத்துக் காட்டினார். "முப்பது வருசமா இது என் கழுத்துல கெடக்குது. இதோட கூடப் பொறந்தது கண்ணு முன்னால பட்டினி கெடந்தா எனக்குப் பாவமில்லியா?"

அந்தச் சமயம் பார்த்து போன் அடித்தது. அரங்கசாமி ஓடிப் போய் எடுத்தான்.

"கெளம்பிட்டமப்பா. எப்படி இருக்குது?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். வெங்கடம்மாள் கையிலிருந்த டம்ளர் காலி. கடைசிச் சொட்டை உதறிக்கொண்டிருந்தார்.

ஏடு எடுத்தும் தண்ணீரின் மேல் எண்ணெய்த் திட்டுகள் வட்டம் வட்டமாக மிதந்தன. ஹாலில் ஞாயிற்றுக்கிழமை வாசனை அடித்தது. அரங்கசாமி தொண்டாமுத்தூருக்குப் போட்டுப்போக என்னென்ன செருப்பு இருக்கிறது என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினான்.

முதலில் காலிஃப்ளவர் அசைந்தது. பிறகு மூளை. அதன் மடிப்புகளுக்குள்ளிருந்து பச்சை நூல்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. பத்து நிமிஷத்தில் தொட்டி முழுக்க ஆயிரம் விரல்கள் நீண்டு, பந்தியில் இலை போட்டதும் கை நீட்டுகிறவர்கள் போல எல்லாத் திசையிலும் துழாவின. அரங்கசாமி ஏழு மாதத்தில் ஒருநாளும் பார்க்காத காட்சி.

"பாத்தியா? பசிதான்" என்றார் வெங்கடம்மாள்.

டீட்டர் வந்து, குனிந்து, கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குப் பார்த்தார். கண்ணாடியிலிருந்து மூக்கை எடுக்காமலே, தன் வீட்டுப் பவளம் ஒருநாளும் இப்படி விரிந்ததில்லை, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். முதலாளி அரங்கசாமியைப் பார்த்தார். அரங்கசாமி வெங்கடம்மாளைப் பார்த்தான்.

"அமினோ ஆசிட்" என்றான். எலும்பை மூன்று மணி நேரம் வேகவைத்தால் வருவது அதுதான் என்பதால் அவன் மனசாட்சி உறுத்தவில்லை. எந்தக் கம்பெனி என்று டீட்டர் கேட்டார். சொந்தத் தயாரிப்பு என்றான். அப்படியானால் தனக்கு ஒரு பாட்டில் வேண்டும் என்றார். வெங்கடம்மாள் இரண்டு பாட்டில் கட்டிக் கொடுத்தார். அதில் ஒன்றில் மிளகும் உப்பும் போட்டிருந்தார், அது டீட்டருக்கு.

விருந்தாளி போனதும் அரங்கசாமி பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு லாரி டிரம்மிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பினான். அழுகி நாறுவதற்கு முன்னால் எல்லாம் சுத்தமாயிற்று. பவளம் பிழைத்தது. அவனும் பிழைத்தான் என்றே நினைத்தான்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணு, என் மானத்தைக் காப்பாத்திப்போட்டே."

'கண்ணு' என்றதும் அரங்கசாமி மறுபடியும் செருப்புகளை எண்ணத் தொடங்கினான்.

"டீட்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாப்ல. சித்திரை வெயிலுக்கு இந்த ஹால் தாங்காதாம். சிலுசிலுன்னு ஒரு எடம் வேணுமாம். நம்ம தோட்டம் மலையடியிலதான இருக்குது? பங்களா சும்மாத்தான் பூட்டிக் கெடக்குது. தொட்டிய அங்க வெச்சர்லாம். உன்னையத் தவிர யாரை நம்பி அனுப்பறது, சொல்லு?"

தை மாசம் லாரியில் தொட்டி போனது. பின்னால் டிரம்களுக்கு நடுவே டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அரங்கசாமி போனான். தொண்டாமுத்தூர் தோட்டத்து வாசலில் திருமூர்த்தி காத்திருந்தார். லாரி ஹாரன் அடித்தபோது ஒரு தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்தார், பிறகு சமாளித்துக்கொண்டு வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன தண்ணிங்க?"

"கடல் தண்ணிங்க."

"உப்புங்களா?"

"உப்புத்தானுங்க."

"எவ்வளவுங்க இருக்குது?"

"டிரம்மெல்லாஞ் சேத்து ரெண்டாயிரம் லிட்டர் வருமுங்க. ஏனுங்க கேக்கறீங்க?"

திருமூர்த்தி மலையைப் பார்த்தார். போன மாசம் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த கல்லுப்பு ரெண்டு மூட்டைக்காகக் கொட்டகைச் சுவரையே தள்ளிவிட்டுப் போன தும்பிக்கைக்கார ஆசாமி அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவார். உப்பென்றால் அவருக்கு உயிர்.

திருமூர்த்தி கொட்டகைக்குள் போனார். இருந்ததிலேயே பெரிய தகர டின்னாக ஒன்றைப் பொறுக்கியெடுத்து, துடைத்து, ஒரு குச்சியோடு சேர்த்து மரியாதையாக இரண்டு கையாலும் அரங்கசாமியிடம் நீட்டினார்.

"வாங்கிக்குங்க."