ஒப்புக்குப் பாடிய ஒன்பது பாட்டு

அந்த ராக் குழுவில் மூன்றே பேர். அண்ணன் கிட்டார், அவனுடைய பள்ளித் தோழன் டிரம்ஸ், தங்கை பாட்டு. பாட்டு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். முதல் ஆல்பத்தின் எட்டுப் பாட்டிலும் அவள் செய்தது அலறல்தான். ஆலைச் சங்கு தோற்றுப்போகும். அதனாலேயே அவளுக்குச் சங்கு என்று பெயர் விழுந்தது. கூட்டம் கூடியதும் அந்த அலறலுக்காகத்தான்.

அந்தச் சங்குக்கே நான்கு மாதத்துக்கு முன்பு மருத்துவர் சங்கு ஊதிவிட்டார். குரல் நாணில் கொப்புளம். மருந்தில் ஆறிவிட்டது, பேசலாம், மெதுவாகப் பாடலாம். "ஆனா இனிமே கத்தாதீங்கம்மா, பேச்சும் சேர்ந்து போயிடும்" என்றார்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கத்த முடியாத சங்கை வைத்துக்கொண்டு குழு என்ன செய்யும்? அண்ணனே ஆனாலும் வேறு ஆளைத்தானே தேடுவான்? தானே கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லி, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இரண்டாவது ஆல்பம் தொடங்கியபோது அவளைக் காப்பாற்றியது டிராக். ஒலிப்பதிவு அறையில் முதலில் பாடுகிறவர் ஒப்புக்குப் பாடிவைப்பார். அதுதான் டிராக். அதைக் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் வாசிப்பார்கள். கடைசியில் நிஜக் குரலைப் பதிந்துவிட்டு டிராக்கை அழித்துவிடுவார்கள். ஒப்புக்குப் பாடும்போது யாரும் கத்தச் சொல்வதில்லை. அவளும் தரையில் சம்மணமிட்டு, மைக்கை மோவாய் உயரத்துக்கு இறக்கி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஊர்க்கதை பேசுகிற குரலில் ஒன்பது பாட்டையும் பாடிவிட்டாள். ஒவ்வொன்று முடிந்ததும் மறக்காமல் சொன்னாள்: "போதும். நிஜமாப் பாடும்போது பாத்துக்கலாம்."

எங்கே பார்த்தாள்? ஒரு வாரம் சளி என்று வரவில்லை. அடுத்த வாரம் பல்வலி. பல்வலிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பயந்தவளுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்?

கடைசி நாள் வந்தேவிட்டது. மறுநாள் ஆல்பத்தை வெளியீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். காலை பத்து மணிக்கு, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மாடிப்படி ஏறினாள். உள்ளே அண்ணனும் டிரம்ஸ்காரனும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், ஏற்கெனவே சுருட்டியிருந்த ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நாங்களும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ கோச்சுக்கக் கூடாது."

முடிந்தது, ஆள் பார்த்துவிட்டார்கள். அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"யாரு அவ?"

"எவ?"

"எனக்குப் பதிலா பாடப்போறவ."

"இவ என்னடா சொல்றா?" என்று டிரம்ஸ்காரன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பேசிப் பயனில்லை என்று கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினான். ஒலிப்பதிவாளர் பாட்டைப் போட்டார்.

அவளுடைய குரல். தரையில் உட்கார்ந்து பாடிய அதே குரல். பின்னால் கிட்டார் உறுமவில்லை. அண்ணன் மின்சாரக் கிட்டாரை வைத்துவிட்டு வெறும் மரக் கிட்டாரை எடுத்திருந்தான். டிரம்ஸ்காரன் குச்சியைப் போட்டுவிட்டுக் கம்பித் தூரிகையால் தோலை வருடியிருந்தான்.

"உன் டிராக்கைக் கேட்டுத்தான் வாசிச்சோம்" என்றான் அண்ணன். "பழைய மாதிரி வாசிச்சா உன் குரல் அமுங்கிப் போச்சு. கொஞ்சம் குறைச்சோம். அப்புறம் இன்னும் குறைச்சோம். கடைசில பாத்தா, இதுதான் ஆல்பம். நிஜக் குரலே தேவைப்படல. ஆனா உன் கத்தல் வேண்டாம்னு உன்கிட்ட யாரு சொல்றது? அதானே உனக்கு உசுரு. இவன் சொல்லட்டும்னு நானும், நான் சொல்லட்டும்னு இவனும் ரெண்டு வாரத்த ஓட்டிட்டோம்."

"நீ பல்வலின்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு" என்றான் டிரம்ஸ்காரன்.

அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மருத்துவர் சொன்னதையெல்லாம் கொட்டினாள்.

"நாலு மாசமாவா? ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆளப் பாப்பியோன்னுதான்."

"லூசு" என்று அண்ணன் அவள் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அவளுக்கு நான்கு மாதமாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் அந்தக் குட்டில் இறங்கிவிட்டது.

ஒலிப்பதிவாளர் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு சிக்கல்மா. நீங்க ஒவ்வொரு பாட்டு முடிவுலயும் பேசினத வெட்டிட்டேன். ஒன்பதாவதுல மட்டும் முடியல. கடைசி வார்த்தையோட ஒட்டி, மூச்சு விடாமப் பேசிட்டீங்க. வெட்டினா அதுவும் சேர்ந்து போகுது. அந்த ஒரு வரிய மட்டும் திரும்பப் பாடிடுறீங்களா?"

போட்டுக் காட்டினார். கிட்டார் ஓய்ந்தது, தூரிகை ஓய்ந்தது, கடைசி வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு களைத்த குரல் ஒன்று வந்தது: "போதும். நிஜமாப் பாடும்போது பாத்துக்கலாம்."

மைக் அவள் விட்டுப்போன இடத்திலேயே, மோவாய் உயரத்தில் நின்றிருந்தது. சங்கு அதன் பக்கம் போகவில்லை.

"வேண்டாம் சார், அப்படியே இருக்கட்டும்" என்றாள். "நிஜமாத்தான் பாடியிருக்கேன்."