ரேடியோவில் வந்த பதில்

பங்கஜம் ஓவென்று அழ ஆரம்பித்ததும் தாஜுதீன் பாய் வீட்டுக் கூடமே குலுங்கிச் சிரித்தது. சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் 'பங்கஜம் வீடு' நாடகம் வந்தால் வரகனேரியில் அந்தத் தெருவே பாய் வீட்டில்தான் கிடக்கும். நாடகத்தை எழுதுகிற பிலோமின்ராஜ் வீட்டில் ரேடியோ கிடையாது. அவனும் இங்கேதான் வந்து, நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, யார் யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி செல்வமேரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்?

அந்த வாரக் கதை இதுதான். பங்கஜத்துக்கு டீச்சர் வேலைக்குப் போக ஆசை. புருஷன் 'போயேன்' என்கிறான். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பால் பொங்கி அடுப்பு அணைகிறது. குழந்தை மாவு டப்பாவைக் கவிழ்த்துத் தலையெல்லாம் பூசிக்கொள்கிறது. புருஷன் ரசத்தில் உப்புக்குப் பதிலாகச் சோடா மாவைப் போடுகிறான். மத்தியானமே பங்கஜம் அலறியடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். "எனக்கு வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாங்க. இந்த அடுப்படிதாங்க எனக்கு ராஜாங்கம்!" என்று அவன் காலில் விழுகிறாள்.

அட பாவி மனுஷா! போன வாரம்தான் செல்வமேரி அவனிடம் கேட்டிருந்தாள். கான்வென்ட் சிஸ்டர்கள் மண்ணச்சநல்லூரில் நடத்துகிற பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே டிரெயினிங் முடித்துவிட்டு, அதற்கப்புறம் சாக்பீஸைக் கையால் தொடாதவள் அவள். குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக பாய் சம்சாரம் ஷரபுன்னிசா சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். "பார்க்கலாம்" என்றுதான் பிலோமின்ராஜ் சொல்லியிருந்தான்.

ஒவ்வொரு வாரமும் எழுதி முடித்ததும் பங்கஜத்தின் வசனத்தை அவளைத்தான் படிக்கச் சொல்வான். அவள் காய் நறுக்கிக்கொண்டே படிப்பாள். "பொம்பளைங்க இப்படிப் பேச மாட்டாங்க" என்று மாற்றிச் சொல்வாள், அதையும் எழுதிக்கொள்வான். பெண்கள் பேச்சை அப்படியே பிடிக்கிறார் என்று ஊரில் அவனுக்குப் பெயர். இந்த வாரம் மட்டும் படிக்கக் கூப்பிடவில்லை. ஆபீஸில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று இவளும் இருந்துவிட்டாள். தன்னிடம் சொல்ல வேண்டிய பதிலைத் தெரு கூடிச் சிரிக்கும்படி ரேடியோவில் சொல்வான் என்று யார் கண்டது?

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நான் உங்களைத்தானே கேட்டேன்? ஊரைக் கூட்டி வச்சுத்தான் பதில் சொல்லுவீங்களா?"

"சும்மா தமாஷ், மேரி. அவ வேலைக்குப் போயி நல்லா இருந்தான்னு எழுதினா எவன் சிரிப்பான்?"

"பொங்குற பாலை இறக்கி வைக்கத் தெரியலை ஒரு ஆம்பளைக்கு. அவனைப் பார்த்து யாரும் சிரிக்கலையே. அழுதவளைப் பார்த்துல்ல சிரிச்சாங்க. அது ஏங்க?"

அவன் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் பூசை முடிந்து கோவில் வாசலுக்கு வருவதற்குள் பிலோமின்ராஜைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "சோடா மாவு ரசம் பிரமாதம் சார்!" என்றார் ஒருவர். அவன் கும்பிட்டுக் கும்பிட்டுச் சிரித்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிஸ்டரும் வந்தார்.

"போர்டிங் பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு, ராஜ். செல்வமேரி, உன் பதில் புரிஞ்சுதும்மா. வீட்டுக்காரர் ரேடியோவிலேயே சொல்லிட்டாரே! நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"சிஸ்டருக்குக் கற்பூர புத்தி" என்றான் பிலோமின்ராஜ்.

செல்வமேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுதியவன் இவன், அழுதவள் எவளோ ஒரு நடிகை, வேலை போவது இவளுக்கா? இதென்ன அநியாயம்!

"சிஸ்டர், வேணாம்னு அழுதது பங்கஜம். என்னை இன்னும் யாரும் கேக்கலை. நீங்க கேளுங்க."

சிஸ்டரின் கண் தன்னையறியாமல் பிலோமின்ராஜ் பக்கம் போனது.

"அவரைப் பாக்காதீங்க. என்னைக் கேளுங்க."

சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேலைக்கு வரியாம்மா?"

"வரேன் சிஸ்டர். நாளைக்கே வரேன். எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்க, வாங்க."

சொல்லிக்கொண்டே குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சிஸ்டரோடு கான்வென்ட் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை வீறிட்டது. கஞ்சி போட்ட சட்டை கசங்கிவிடாமல் அதைக் கையில் தள்ளிப் பிடித்தபடி, யாரிடம் கொடுக்கலாம் என்று பிலோமின்ராஜ் சுற்றிலும் பார்த்தான். வாசல் நிறையப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் கை நீட்டவில்லை.