நான் லேட்டாம்!

ஒருத்தியைப் பற்றிப் புறம் பேசுவதென்றால் முதலில் மைக்கை அணைக்க வேண்டும். என் தம்பிக்கு அந்தப் புத்தி இல்லை.

அவன் வீட்டுப் படுக்கையறையில், டிரம்ஸுக்குப் பின்னால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒயர்கள் கதவுக்கு அடியில் புகுந்து ஹாலுக்குப் போயின. சத்தம் கலந்துவிடக் கூடாதென்று கதவில் மெத்தையைச் சாய்த்திருந்தார்கள். ஹாலில் மூன்று பேர்: கிட்டாரோடு தம்பி, பேஸ் கிட்டாரோடு என் வீட்டுக்காரர், பாடுவதற்கு என் நாத்தனார். மேசைமேல் தம்பி புதிதாக வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ். எட்டு மைக்கை ஒரே நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி அது. அதில் பாதி டிரம்ஸுக்கே போய்விட்டது. மேடையில் மட்டுமே வாசித்துவந்த எங்களுக்கு இதுதான் முதல் ரெக்கார்டிங்.

இடைவேளையில் நான் ஹெட்ஃபோனைக் கழற்றியிருப்பேன் என்று தம்பி நினைத்துக்கொண்டான். நாத்தனாரின் மைக் திறந்தே இருந்தது. ஹாலில் பேசியது ஒன்று விடாமல் என் காதில் விழுந்தது.

"மாமா, அக்கா லேட்டா அடிக்குது. எத்தனை தடவை வாசிச்சும் அதேதான். இன்னிக்குள்ள பாட்டை ரேடியோவுக்கு அனுப்பியாகணும். பேசாம மெஷின் டிரம்ஸ் வெச்சிடலாம். அக்காகிட்ட அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்."

என் வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் லேட்டாத்தான் கேக்குது மச்சான்," என்றார் அந்த மகானுபாவர்.

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் நான். கொஞ்சம் பிந்தினால் வாசலில் நிற்கும் அம்மாக்கள் தோலை உரித்துவிடுவார்கள். என்னைப் பார்த்து லேட் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மேடையில் இவர்கள் தடுமாறியபோதெல்லாம் தூக்கி நிறுத்தியது யாராம்? இப்போது என் இடத்தில் ஒரு மெஷின். எங்கள் பாட்டு ரேடியோவில் வரும், அதில் நான் மட்டும் இருக்க மாட்டேன். அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறியப் போனேன். ஒரு காதிலிருந்து அது கழன்ற நேரத்தில் மடியிலிருந்த குச்சி நழுவி ஸ்நேர் டிரம்மில் விழுந்தது. டக். ஹெட்ஃபோன் இருந்த காதில் இன்னொரு டக், கொஞ்சம் பிந்தி.

வேண்டுமென்றே மறுபடி அடித்தேன். டக், டக். ஆஹா! திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

நான் அடிப்பது சரியான நேரத்தில்தான் விழுகிறது. அது கம்ப்யூட்டருக்குள் ஊர் சுற்றிவிட்டு ஹெட்ஃபோனுக்கு வருவதற்குள் பிந்திவிடுகிறது. ஹாலில் இருப்பவர்களுக்கு அவரவர் கிட்டார் பக்கத்து ஸ்பீக்கரிலேயே கேட்கும். என் டிரம்ஸ் மட்டும் அவர்கள் ஹெட்ஃபோனுக்கு லேட்டாகப் போய்ச் சேரும். எனக்கோ அவர்கள் லேட். அவர்களுக்காக நான் காத்திருக்க, எனக்காக அவர்கள் காத்திருக்க, பாட்டு நொண்டியிருக்கிறது.

மெத்தையைத் தள்ளிவிட்டு ஹாலுக்குள் போனேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா... கேட்டுட்டியா?"

"ஒண்ணு விடாம. உன் மெஷின் அப்புறம் வரட்டும். ஹெட்ஃபோனை ஒரு காதுல மட்டும் வெச்சுக்கோ."

நாத்தனாரின் மைக் முன்னால் கை தட்டினேன்.

"ரெண்டு தடவை கேக்குது," என்றான்.

"நான் தட்டுனது ஒரு தடவை. எல்லாத்தையும் ஏன்டா கம்ப்யூட்டரைச் சுத்த விட்டிருக்க?"

தம்பி பெட்டியைப் பார்த்தான், பிறகு நாத்தனாரைப் பார்த்தான். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் மைக்கில் விழுவது நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். மறுபக்கம் திருப்பினால் கம்ப்யூட்டர் வழியாக, எதிரொலி எல்லாம் சேர்ந்து வரும். பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல் காதில் கேட்டால்தான் நாத்தனாருக்குத் தொண்டை திறக்கும். அவள் ஒருத்திக்காக எல்லோரையும் சுற்றுவழியில் விட்டிருக்கிறான் இந்தப் புத்திசாலி.

"எதிரொலி இல்லன்னா என் குரல் எனக்கே பிடிக்காது அண்ணி," என்றாள். "பாத்ரூம்லகூட இதைவிட நல்லா இருக்கும்."

"அப்போ பாத்ரூம்லயே போய்ப் பாடேன்டி!"

வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்தார். என் பார்வை பட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

நாத்தனார் முறுக்கிக்கொண்டு போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்ததை மறைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவளே போய்க் குமிழைத் திருப்பினாள்.

"நான் மொட்டையாவே பாடுறேன். அண்ணி இல்லாத பாட்டு எனக்கு வேணாம்."

அந்த வார்த்தைக்கு அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் வேலை இருந்தது.

படுக்கையறைக்குப் போய்க் குச்சிகளைத் தட்டினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!"

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரரின் பேஸ் என் கால் அடிமேல் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. நாத்தனாரின் குரல் பூச்சு எதுவும் இல்லாமல், மூச்சு வாங்குவது உட்படக் காதில் விழுந்தது. ஒளிந்துகொள்ள இடமில்லாததால் உயிரைக் கொடுத்துப் பாடினாள். அறை அதிர்ந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடித்தேன்.

ஹாலில் எல்லோரும் சேர்ந்து போட்டுக் கேட்டோம். திரையில் என் அடியும் பேஸும் ஒரே கோட்டில் நின்றன. தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

"என் காதுலதான் கோளாறு," என்றார் வீட்டுக்காரர்.

"அது எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கே தெரியும்."

தம்பி தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினான். "இதையே அனுப்பிடட்டுமா அக்கா?"

என்னைக் கேட்கிறான்! உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அதற்காக விட்டுவிட முடியுமா?

"அனுப்பாத. இன்னொரு தடவை வாசிப்போம். ரெண்டாவது சரணத்துல நீ லேட்டு."

அவன் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கிட்டார் என் அடிக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்றது. கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டான்.